இவருக்கு மட்டும்

லேபிள் மெஷினுக்கு
ஐந்தெழுத்துக்கு மேல் மூச்சு வாங்கும்.
அமலோற்பவம் என்று தட்டினால்
அமலோற்ப வரை வந்து நின்றுவிடும்.
மிச்சத்தைப் பேனாவால் எழுதி ஒட்டுவேன்.
கீழே வழக்கமான வரி:
இவருக்கு மட்டும். முப்பது நாள்.

தண்டையார்பேட்டையில்
செருப்புக் கடைக்கும் சேமியா ஏஜென்சிக்கும் நடுவே
பத்தடி அகலம் என் மருந்துக்கடை.
பின்னால் கண்ணாடிக் கூண்டில் ஒரு தராசு,
மூச்சு பட்டாலே முள் நடுங்கும்.
கன்டெய்னர் லாரி போகும்போது
கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன்,
ரோடு அடங்கும் வரை.

வலி மாத்திரை குடலைப் புண்ணாக்கி
ஸ்டான்லியில் பதினோரு நாள் கிடந்தவள் அவள்.
இனி உள்ளே ஒன்றும் வேண்டாம்,
மேலே பூசக் கலந்து கொடுங்கள்
என்று டாக்டர் சீட்டு.

முதல் டப்பா, மெழுகில் குழைத்தது.
மறுநாளே வந்தாள்,
இடது பெருவிரலில் துணிக்கட்டு.
"இன்னாமா இது, வழவழன்னு கீது.
வஞ்சிரத்து மேல வெச்ச கத்தி
என் மேல ஏறிடிச்சு."

இரண்டாவது, மிளகாய்ச் சத்து சேர்த்தது.
சங்கரா முள் குத்தாத இடமே இல்லாத கை அது.
நான் கையைப் பார்க்கவில்லை,
சீட்டைத்தான் பார்த்தேன்.
"அடுப்புல வெச்சாப்புல இருந்துச்சு,
ஐஸ் பொட்டிக்குள்ள கைய வுட்டுக்கினு
அப்டியே குந்திக்கினு இருந்தேன்."
திட்டவில்லை. அது இன்னும் சுட்டது.

டாக்டருக்கு போன் போட்டு மாற்றினேன்.
மூன்றாவது, ஒட்டாத ஜெல்,
ஒரு நிமிஷத்தில் காய்ந்துவிடும்.
மென்தால் வேண்டாம் என்றாள்.
வாசனை வந்தால் கிராக்கி நகர்ந்துவிடுமாம்.
ராத்திரி படுக்கும்போது பூசினால்
மூன்று மணிக்கு
விரல் மடங்குகிறது என்றாள்.
அன்றைக்கு நான் மத்தியானச் சோற்றை
நிதானமாகச் சாப்பிட்டேன்.

ஆறாம் நாள் காலி டப்பாவோடு நின்றாள்.
முப்பது நாள் மருந்து.
"தீந்துடிச்சு" என்றாள், வேறெங்கோ பார்த்து.

தோல் வழியாகவும் ரத்தத்துக்குப் போகும்,
ரத்தம் வழியாகக் குடலுக்கும்.
தூக்கம் வரவில்லை.
விடியுமுன் ஸ்கூட்டியில் காசிமேடு.

ஏலம் முடிந்த ஈரத்தில் வரிசையாய் ஏழு பேர்,
ஏழு கட்டை, ஏழு கத்தி.
ஒருத்திக்கு விரல் முட்டிகள் இஞ்சிக் கிழங்கு.
ஒருத்தி கத்தியை விரலால் பிடிப்பதில்லை,
கயிற்றால் கையோடு கட்டியிருக்கிறாள்.
கவளை மீனைத் துண்டு போட்டபடியே
"நைட்டு ஒரே சில்லுனு கேட்டுச்சு" என்று
பேசிக்கொண்டிருந்தார்கள் என் மருந்தைப் பற்றி.

கத்தினேன்.
அவளுக்கென்று அளந்தது, உங்களுக்கு விஷமாகலாம் என்றேன்.
அமலோற்பவம் செதிலைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.
"சீட்டு கட்டிக்கீறோம்மா.
மாசம் ஆளுக்கு நூத்தம்பது.
இந்த மாசம் என் பேருக்கு வுழுந்துச்சு,
அடுத்த மாசம் இரிசம்மா போயி டாக்டராண்ட காட்டும்.
ஏழு பேருக்கும் தனித்தனியா வாங்க
மீனு கரண்டிக்கா வுழுவுது?"

வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று
ஒவ்வொருத்தியிடமும் கேட்டேன்.
சுகர், பிரஷர், ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை.
கடைசியில் இருந்த வள்ளிக்கண்ணு
முந்தானைக்குள் கையை இழுத்துக்கொண்டாள்.
இதயத்துக்கு, ரத்தம் உறையாமலிருக்க,
இரண்டு வருஷமாய் ஒரு மாத்திரை.
முழங்கையில் ஊதா நிறத்தில் கன்றியிருந்தது.
"வேல செய்யும்போது இடிச்சிக்கினேன்" என்றாள்.
இந்த ஜெல்லைத் தொடாதே என்றபோது
என்னை அல்ல, டப்பாவைப் பார்த்தாள்,
பந்தியில் இலை போட்டு எழுப்பிவிட்டது போல.

அவளைக் கையோடு டாக்டரிடம் கூட்டிப்போனேன்.
அவளுக்கு வேறு கலவை,
மரத்துப்போக மட்டும்.
அவ்வளவாகக் கேட்கவில்லை என்கிறாள்.
பொய்யில்லை, எனக்கும் தெரியும்.

இன்று ஒன்றாம் தேதி. இரிசம்மாவின் சீட்டு.
தட்டினேன்,
மெஷின் முழுப் பெயரையும் அடித்துத் துப்பியது.
கீழே: இவருக்கு மட்டும்.
விரலை வைத்து வாசித்துக் காட்டினேன்.
கடை வாசலில் நின்ற ஆறு பேரும்
சேர்ந்து தலையாட்டினார்கள்.